நரம்பு சுருட்டல் என்கிறோம், ஆனால் அது நரம்பு இல்லை

ஒரு மகள் தன் அம்மாவுக்காகக் கேட்ட கேள்வி இது. அம்மாவுக்கு 54 வயது. ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் 18 வருடமாக நின்றுகொண்டே வேலை. இடது காலில் தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை நரம்பு புடைத்துச் சுருண்டிருக்கிறது. ஆறு மாதமாகக் கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் தோல் கறுத்து அரிக்கிறது. ஸ்கேன் பார்த்த மருத்துவர் லேசர் செய்துகொள்ளச் சொல்லிவிட்டார். வீட்டில் ஆளுக்கு ஒரு பேச்சு. நரம்பை எரித்தால் கால் விளங்காமல் போய்விடும் என்கிறார் பெரியப்பா. அந்த நரம்பை அடைத்தால் ரத்தம் எந்த வழியாகப் போகும் என்கிறார் அத்தை. எண்ணெய் போட்டு உருவிவிட்டால் போதும், அட்டை விட்டால் கெட்ட ரத்தம் போய்விடும், சாக்ஸ் போட்டால் சரியாகும், என்ன செய்தாலும் திரும்ப வரும் என்று இன்னும் பல. எதை நம்புவது, செலவுக்கு என்ன வழி?

நான் இரத்தநாள அறுவை சிகிச்சை செய்பவன். இதே கேள்விகளை வாரத்தில் பலமுறை நேரில் கேட்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். முதலில் நேரான பதில்: நீங்கள் சொன்னதில் எனக்குக் கவலை தருவது புடைத்த நரம்பு இல்லை, கறுத்த தோல். அழகு சம்பந்தப்பட்ட கட்டத்தைக் கால் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அந்த இடம்தான் பின்னால் புண்ணாகும் இடம். அதனால் சிகிச்சை வேண்டும் என்று உங்கள் மருத்துவர் சொன்னது சரிதான்.

இனி வீட்டுப் பேச்சுக்கு வருவோம். பாதிக் குழப்பம் நம் சொல்லிலேயே இருக்கிறது. ட்ரிப்ஸ் போடும்போது நர்ஸ் "நரம்பு கிடைக்கல" என்பார். கை நடுங்கினால் "நரம்புத் தளர்ச்சி" என்போம். இரண்டு இடத்திலும் ஒரே சொல், ஆனால் பொருள் வேறு வேறு. நடுக்கத்தில் சொல்வது மூளையிலிருந்து கட்டளையும், உடம்பிலிருந்து உணர்ச்சியும் போய்வரும் நரம்பு. ட்ரிப்ஸ் ஏறுவது ரத்தக் குழாயில். பாடப்புத்தகத்தில் அதற்குச் சிரை என்று பெயர். இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய் அது. நரம்பு சுருட்டலில் சுருண்டிருப்பது இந்தச் சிரைதான். நரம்பு என்ற பெயரால் எத்தனை பேர் நரம்பியல் மருத்துவரிடம் போய் மாதக்கணக்கில் சத்து மாத்திரை சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள் தெரியுமா? உங்கள் பெரியப்பாவின் பயமும் இதே இடத்திலிருந்துதான் பிறக்கிறது. நரம்பை எரித்தால் கால் விழுந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் லேசரில் யாரும் நரம்பை எரிப்பதில்லை.

சிரையில் என்ன கெட்டுப்போகிறது என்பது புரிந்துவிட்டால் மீதிக் கேள்விகள் பலவும் தானாகவே தீரும். அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்காலில் சிரைக்குள் இருக்கும் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை. இதயத்திலிருந்து கணுக்கால் வரை நிற்கும் ரத்தத் தூணின் எடைதான் அது. அவ்வளவு உயரம் ரத்தம் எப்படி ஏறுகிறது? நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, உள்ளே இருக்கும் ஆழச் சிரைகளைப் பிழிகிறது. ரத்தம் மேலே போகிறது. தசை தளரும்போது அது கீழே விழாமல், வழிநெடுகிலும் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் மூடிக்கொள்கின்றன. நல்ல காலில் பத்து அடி நடந்தாலே கணுக்கால் அழுத்தம் 30-க்கும் கீழே இறங்கிவிடும். வால்வு கெட்ட காலில் அப்படி இறங்காது. ஏற்றிய ரத்தம் தோலுக்கடியில் இருக்கும் சிரை வழியாக மறுபடி கீழேயே வந்துவிடுகிறது. நாள் முழுக்க, வருடக்கணக்கில் அந்த அழுத்தம் கணுக்காலின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நுண்ணிய குழாய்களிலிருந்து ரத்த அணுக்கள் கசிந்து, அவற்றின் இரும்புச்சத்து தோலில் படிகிறது. உங்கள் அம்மாவின் கணுக்காலில் தெரியும் கறுப்பில் பெரும்பங்கு அந்த இரும்புக் கறைதான். பூசுமருந்து எதைப் போட்டாலும் அது போகாததற்குக் காரணம் இதுதான்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். அம்மாவைப் படுக்கவைத்து அந்தக் காலைச் சுவரில் சாய்த்து உயர்த்தி வையுங்கள். ஒரு நிமிடத்தில் புடைப்பெல்லாம் வடிந்து தோல் சமமாகிவிடும். பிறகு எழுந்து நிற்கச் சொல்லுங்கள். நல்ல காலில் சிரை கீழிருந்து மெதுவாக நிறையும், இருபது விநாடிக்கு மேல்கூட ஆகும். கெட்ட காலில் சில விநாடியிலேயே மேலிருந்து தண்ணீர் இறங்குவதுபோல் நிறைந்துவிடும். டிரெண்டெலன்பர்க் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1890-களில் இந்தச் சோதனையையும், தொடையிடுக்குக்குக் கீழே அந்தச் சிரையைக் கட்டிவிடும் முறையையும் விளக்கினார். ஓட்டை, அதாவது கெட்ட வால்வு, மேலே இருக்கிறது, புடைப்பு கீழே தெரிகிறது. நூறு வருடத்துக்கு மேலான சிகிச்சை அத்தனையும் இந்த ஒரு புரிதலின் மேல் நிற்பதுதான்.

இப்போது அத்தையின் கேள்வி. அந்தச் சிரையை மூடிவிட்டால் ரத்தம் எந்த வழியாகப் போகும்? நல்ல கேள்வி, எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி. காலிலிருந்து திரும்பும் ரத்தத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு தசைகளுக்கு நடுவே ஓடும் ஆழச் சிரைகள் வழியாகத்தான் போகிறது. தோலுக்கடியில் ஓடும் சிரை கிளைப் பாதை. அதிலும் சுருண்டுபோன சிரை ரத்தத்தை மேலே கொண்டுபோகவே இல்லை. மேலே போனதைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறது. உடைந்த மதகை அடைத்தால் பயிருக்குத் தண்ணீர் போகாதே என்று யாரும் பயப்படுவதில்லை. அதுபோலத்தான் இதுவும். அதை மூடியவுடன் ஆழச் சிரைகளின் சுமை குறைகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: ஆழச் சிரைகள் திறந்திருக்க வேண்டும். முன்பு ஆழத்தில் ரத்தம் உறைந்து அடைத்துப்போன காலில் தோலடிச் சிரைதான் மாற்று வழியாக வேலை செய்துகொண்டிருக்கக்கூடும். அங்கே அதை மூடினால் கெடுதல். எது எந்த நிலையில் இருக்கிறது என்று ஸ்கேன்தான் சொல்லும்.

அந்த ஸ்கேனை அம்மாவுடன் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காவிட்டால் அடுத்தமுறை அனுமதி கேட்டுப் பாருங்கள். பார்த்த பிறகு யாரும் உங்களைக் குழப்ப முடியாது. அம்மாவை நிற்கவைப்பார்கள், எடையை மற்றக் காலில் போடச் சொல்வார்கள். குளிர்ந்த ஜெல்லைத் தடவிக் கருவியைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கெண்டைக்காலை ஒரு பிழி பிழிந்து விடுவார்கள். பிழியும்போது திரையில் ஒரு நிறம், பெரும்பாலும் நீலம், மேலே ஓடும். விட்டதும் நல்ல வால்வு என்றால் அதோடு நின்றுவிடும். கெட்ட வால்வு என்றால் சிவப்பு தெரியும், அது கீழே இறங்கும் ரத்தம். தோலடிச் சிரையில் அந்தச் சிவப்பு அரை விநாடிக்கு மேல் நீடித்தால் வால்வு பழுது என்று கணக்கு. இரண்டு, மூன்று, நான்கு விநாடி என்று அது ஓடிக்கொண்டே இருப்பதை நோயாளிக்குத் திருப்பிக் காட்டுவேன். "அட, இவ்வளவும் கீழேயா வருது" என்று பலர் அங்கேயே சொல்லிவிடுவார்கள். படுக்கவைத்து மட்டும் இரண்டு நிமிடத்தில் எடுத்த ஸ்கேனை நம்பிச் சிகிச்சையை முடிவு செய்யாதீர்கள். இந்த நோய் நின்றால்தான் வெளியே தெரியும்.

பெரியப்பாவின் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கும். அவர் பழைய ஆபரேஷனைப் பார்த்திருப்பார். 1907-இல் பாப்காக் என்ற அமெரிக்க மருத்துவர் சிரைக்குள் ஒரு கம்பியைச் செலுத்தி, முழுச் சிரையையும் உருவி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். மாற்றங்களோடு அதுதான் கிட்டத்தட்ட நூறு வருடம் ஓடியது. தொடையிடுக்கில் ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு, முதுகில் ஊசி, தொடை முழுக்க ரத்தக்கட்டு, வீட்டில் இரண்டு மூன்று வாரம். முழங்காலுக்குக் கீழே அந்தச் சிரையை ஒட்டியே ஓர் உணர்ச்சி நரம்பு ஓடுகிறது. கணுக்கால் வரை உருவியவர்களில் சிலருக்கு அது அடிபட்டு, காலின் உள்பக்கம் மரத்துப்போனது உண்டு. முழங்காலுக்குப் பின்னால் வெட்டிச் செய்யும்போது பாதத்தைத் தூக்கும் நரம்பு அடிபடுவதும் மிக அரிதாக நடந்திருக்கிறது. எனவே பயம் முழுக்கக் கட்டுக்கதை இல்லை, பழைய கதை.

இப்போது நடப்பது வேறு. 1990-களின் கடைசியில் ரேடியோ அலை முறையும், அதை ஒட்டியே லேசர் முறையும் வந்தன. முழங்கால் பக்கம் ஓர் ஊசித் துளை. அதன் வழியாக ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய இழையைச் சிரைக்குள் தொடையிடுக்குக்குச் சற்றுக் கீழே வரை ஏற்றுவோம். பிறகு சிரையைச் சுற்றி, மரப்பு மருந்து கலந்த உப்புநீரை நிறையச் செலுத்துவோம். நோயாளிக்குச் சிகிச்சை முழுவதிலும் கொஞ்சம் பிடிக்காத பகுதி இந்த ஊசிகள்தான். ஆனால் அந்த நீர்தான் பாதுகாப்பு: வலியை எடுக்கிறது, சிரையை இழையோடு ஒட்ட அமுக்குகிறது, சூடு பக்கத்து நரம்புக்கும் தோலுக்கும் போகாமல் தடுக்கிறது. பிறகு இழையைச் சூடாக்கியபடி மெல்ல வெளியே இழுக்கும்போது சிரை உள்ளிருந்து சுருங்கி மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து காலின் மேல் லேசர் அடிப்பதாகப் பலர் நினைத்துக்கொண்டு வருகிறார்கள், அப்படி இல்லை. முடிந்த உடனேயே எழுந்து நடக்கச் சொல்வோம். "ஒரு மாதம் படுக்கையில் இருக்கணும்" என்பதும் பழைய ஆபரேஷனின் நினைவுதான். இன்று படுத்தே கிடப்பதுதான் ஆபத்து, ஆழத்தில் ரத்தம் உறையும்.

ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சில நாள் தொடையில் இழுப்பதுபோல் வலி, நீலக் கன்றல், சிலருக்குக் கொஞ்ச இடத்தில் மரப்பு, ஊதாக் கறை. நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு மூடிய சிரையின் முனையிலிருந்து உறைகட்டி ஆழச் சிரைப் பக்கம் எட்டிப் பார்ப்பதுண்டு. அதனால்தான் சில நாள் கழித்து மறுபடி ஸ்கேனுக்கு வரச் சொல்கிறோம். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று அந்த ஸ்கேனைத் தவிர்ப்பவர்கள் நிறைய. தவிர்க்க வேண்டாம்.

எண்ணெய் உருவுவது பற்றி. லேசாகக் கீழிருந்து மேலாகத் தடவினால் காலுக்கு இதமாக இருக்கும், காய்ந்த தோலுக்கு நல்லது. அவ்வளவுதான். தொடையில் பழுதான வால்வைக் கணுக்காலில் தேய்த்துச் சரிசெய்ய வழி இல்லை. ஆனால் சிரை கயிறுபோல் கெட்டியாகி, சிவந்து, தொட்டால் சுடுகிறது என்றால் அங்கே ரத்தம் உறைந்திருக்கிறது; அந்த நேரத்தில் அழுத்தி உருவக்கூடவே கூடாது, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அட்டை விடுவதும் நம் மரபில் உள்ள வைத்தியம்தான். அட்டையின் எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பது உண்மை, வீக்கம் கொஞ்சம் குறைந்து பாரம் இறங்கியதாகத் தோன்றுவதும் உண்மை. ஆனால் அந்தக் காலில் கெட்ட ரத்தம் என்று தனியாக எதுவும் தேங்கியிருக்கவில்லை. ஆக்சிஜன் குறைந்ததால் இருண்டு தெரிகிற, எல்லார் சிரையிலும் ஓடுகிற அதே ரத்தம்தான். கொஞ்சம் எடுத்தால் மேலிருந்து மறுபடி இறங்கி நிறைந்துவிடும். தோல் கறுத்த காலில் அட்டை கடித்த இடம் ஆறாத புண்ணாவதற்கும் வாய்ப்பு உண்டு. இதைச் சொல்லும்போது மரபு வைத்தியத்தை மதிக்காதவன் என்று நினைக்க வேண்டாம். ஓட்டை எங்கே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

மாத்திரையும் அப்படியே. டயாஸ்மின், ஹெஸ்பெரிடின் சேர்ந்த மாத்திரைகளை நானும் எழுதுகிறேன். கனம், வீக்கம், இரவில் கெண்டைக்கால் பிடிப்பு இவை குறையும். சுருண்ட சிரை நேராகாது. "ஆறு மாதம் சாப்பிட்டால் நரம்பு உள்ளே போய்விடும்" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். வாயுப் பதார்த்தம், கத்தரிக்காய், உருளைக்கிழங்கு என்று அம்மாவின் சாப்பாட்டைக் குறைக்கவும் வேண்டாம். எடை கூடாமல் பார்த்துக்கொள்வது உதவும். காய்கறியை ஒதுக்குவது உதவாது.

சாக்ஸ் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நல்ல பொருள் தவறாகப் பயன்படுகிறது. அழுத்தக் காலுறை போட்டிருக்கும் வரை காலை வெளியிலிருந்து தாங்கும். கழற்றினால் பழையபடிதான். சிகிச்சை முறைகளை வகுத்துத் தரும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2013-இல் தந்த வழிகாட்டி, சிரையை மூடும் சிகிச்சை செய்ய முடிகிறவர்களுக்குக் காலுறையை மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது என்றே சொல்கிறது. முதலில் லேசர் அல்லது ரேடியோ அலை, அது பொருந்தாவிட்டால் ஊசியில் செலுத்திச் சிரையை மூடும் நுரை மருந்து, அதுவும் பொருந்தாவிட்டால் அறுவை சிகிச்சை என்பது அதன் வரிசை. நம் ஊர் மே மாத வெயிலில் தொடை வரை இறுக்கமான காலுறையை வாழ்நாள் முழுக்கப் போடச் சொல்வது நடக்கிற காரியமும் இல்லை. வாங்கியவர்களில் எத்தனையோ பேரின் காலுறை பீரோவில் மடித்தபடி கிடக்கிறது, நானே கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

போடுவதென்றால் ஒழுங்காகப் போட வேண்டும். செருப்பு அளவு சொல்லி மருந்துக் கடையில் வாங்கக் கூடாது. காலையில், வீக்கம் ஏறும் முன், கணுக்காலையும் கெண்டைக்காலையும் டேப் வைத்து அளந்து வாங்க வேண்டும். படுக்கையை விட்டு இறங்கும் முன்பே போட்டு, இரவு படுக்கும்போது கழற்ற வேண்டும். மேல் விளிம்பு சுருண்டு முழங்காலுக்குக் கீழே வளையம்போல் இறுக்கினால் பலன் போய்க் கெடுதல்தான் மிஞ்சும். ஆறு மாதத்தில் இறுக்கம் போய்விடும், மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று: சர்க்கரை நோயாளிகள், பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர்கள், நடந்தால் கெண்டைக்கால் கவ்விப் பிடித்து நின்றால் விடுகிறவர்கள், இவர்கள் யாரும் சோதிக்காமல் காலுறையோ இறுக்கக் கட்டோ போடக் கூடாது. அவர்களுக்குக் காலுக்கு ரத்தம் வரும் தமனியே அடைத்திருக்கலாம். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சின்னச் சோதனை இருக்கிறது. சர்க்கரை நோயாளிக்குத் தமனி கெட்டிப்பட்டிருந்தால் அந்தக் கணக்கும் ஏமாற்றும் என்பதால் ஸ்கேனிலும் பார்த்துக்கொள்வோம். ரத்தம் வராத காலை மேலும் இறுக்கிக் கட்டி விரல் கறுத்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

புண் வந்தபின் நடப்பதைப் பார்த்தால் தாமதம் என்ன செய்யும் என்று புரியும். ஓட்டலில் தோசை போடும் மாஸ்டர் ஒருவர், கணுக்கால் உள்பக்கம் ஆறு வருடமாக ஆறாத புண்ணோடு வந்தார். கட்டை அவிழ்த்தபோது மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்த பற்று, அதற்கு மேல் ஏதோ இலை, அதற்கு மேல் வேட்டிக் கிழிசல். அதற்குமுன் வெவ்வேறு களிம்புகள், மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக். புண்ணைச் சுற்றிய தோல் களிம்பு ஒவ்வாமையால் வெந்ததுபோல் சிவந்திருந்தது. தொடையிலிருந்த வால்வை மட்டும் அத்தனை வருடத்தில் யாரும் பார்க்கவில்லை. இப்படிப்பட்ட புண்ணுக்குக் கிருமி தொற்றிச் சீழும் காய்ச்சலும் இருந்தாலொழிய ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, ஏனென்றால் புண்ணுக்குக் காரணம் கிருமி இல்லை, அழுத்தம். முறையான அழுத்தக் கட்டும், சிரையை மூடுவதும் சேர்ந்தபின் அவர் புண் மூடியது.

"புண் ஆறட்டும், பிறகு லேசர் பார்க்கலாம்" என்பதும் ஒரு தவறான எண்ணம். மருத்துவர்களிடமே இருந்தது. 2018-இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வு ஒன்றில் புண்ணுள்ள 450 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். எல்லாருக்கும் அழுத்தக் கட்டு உண்டு. ஒரு பகுதியினருக்கு இரண்டு வாரத்துக்குள் சிரையை மூடினார்கள், மற்றவர்களுக்குத் தள்ளிப்போட்டார்கள். சீக்கிரம் செய்தவர்களில் பாதிப் பேருக்குப் புண் ஆற எடுத்த காலம் 56 நாள், தள்ளிப்போட்டவர்களில் 82 நாள். அதற்கு முன்பே 500 பேரை வைத்து நடந்த இன்னோர் ஆய்வில், கட்டு மட்டும் போட்டவர்களில் நான்கு ஆண்டில் 56 சதவீதம் பேருக்குப் புண் திரும்ப வந்தது. அறுவை சிகிச்சையும் செய்தவர்களில் 31 சதவீதம். உங்கள் அம்மாவுக்குப் புண் இன்னும் வரவில்லை. வரும் முன் செய்துகொள்ளக் கிடைத்திருக்கும் நேரம் இது.

சரி, திரும்ப வருமா? இதற்கு ஆம், இல்லை இரண்டும் பதில். மூடிய அதே சிரை பெரும்பாலும் மூடியே இருக்கும். ரேடியோ அலை முறையில் மூடிய கால்களை ஐந்து ஆண்டு தொடர்ந்த ஓர் ஐரோப்பிய ஆய்வில் 92 சதவீதம் அப்படியே மூடியிருந்தன. ஆனால் வால்வு பலவீனம் அந்த உடம்பின் இயல்பு. இன்னொரு சிரையில், இன்னொரு கிளையில் சில வருடம் கழித்துப் புதிதாக வரலாம். வந்தால் பெரும்பாலும் ஊசியில் நுரை மருந்து செலுத்தியே சமாளிக்கலாம். பல்லில் ஒரு சொத்தையை அடைத்தால் இன்னொரு பல்லில் வராது என்று எந்தப் பல் மருத்துவரும் உத்தரவாதம் தர முடியாது, அதற்காக இந்தச் சொத்தையை விட்டுவைப்பதும் இல்லை.

இதுவரை சிகிச்சையைக் கண்டு பயப்படுபவர்களுக்குச் சொன்னேன். எதிர்ப் பக்கத் தவறும் இப்போது வளர்ந்துவருகிறது: காலில் நீலமாக எது தெரிந்தாலும் லேசர். தொடையில் சிலந்தி வலைபோல் மெல்லிய சிவப்புக் கோடு இருந்து, வேறு தொந்தரவு இல்லாதவருக்கு எதுவுமே தேவையில்லை. இன்னும் வருத்தமானது முட்டிவலிக்காரர்கள் கதை. 60 வயது அம்மா, முட்டி தேய்ந்து வலி, கூடவே காலில் புடைத்த சிரையும் இருக்கிறது. லேசர் செய்தால் வலி போகும் என்று நம்பிச் செய்துகொள்கிறார். சிரை மூடிவிட்டது, வலி அப்படியே. கடன் வாங்கிச் செய்திருப்பார், என்னிடம் வந்து அழுவார். சிரையின் தொந்தரவுக்கு ஒரு குணம் உண்டு: காலையில் குறைவு, நிற்க நிற்கக் கூடி மாலையில் கனம், காலைத் தூக்கிவைத்தால் ஆறுதல். முதல் அடி வைக்கும்போது வலி, மாடிப்படி இறங்கும்போது வலி என்றால் முட்டியைப் பாருங்கள். இடுப்பிலிருந்து சுளீரென்று இறங்கினால் முதுகெலும்பைப் பாருங்கள். இரவில் இரண்டு பாதமும் எரிந்தால் சர்க்கரையைப் பாருங்கள். லேசர், ரேடியோ அலை, சிரையை உள்ளிருந்து ஒட்டி மூடும் பசை என்று முறையின் பெயரை வைத்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். பசை முறையில் அந்த நீர் ஊசிகள் இல்லை என்பது வசதி, சிலருக்கு ஒவ்வாமைபோல் தோல் சிவப்பது குறை, விலையும் கூடுதல். சரியான சிரையைக் கண்டுபிடித்து மூடுவதுதான் முக்கியம்.

மீதி வீட்டுப் பேச்சுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பைபாஸுக்கு அந்தச் சிரை தேவைப்படும், விட்டுவை என்பார்கள். பலூன்போல் உப்பிச் சுருண்ட சிரை இதயத்துக்குப் பயன்படாது, அதற்கு நெஞ்சுத் தமனியும் கைத் தமனியும் மற்றக் காலின் நல்ல சிரையும் இருக்கின்றன. இதனால் மாரடைப்பு வருமா என்றால் வராது. பெண்களுக்கான நோய் என்பதும் சரியில்லை. எடின்பரோவில் 1,566 பேரைச் சோதித்தபோது ஆண்களில் 40 சதவீதம் பேருக்கும் பெண்களில் 32 சதவீதம் பேருக்கும் இருந்தது. பெண்கள் காட்டிக்கொள்கிறார்கள், ஆண்கள் வேட்டிக்குள் மறைத்துப் புண்ணான பின் வருகிறார்கள். கர்ப்ப காலத்தில் வந்தால் அவசரப்பட வேண்டாம், பிரசவத்துக்குப் பின் பெருமளவு வடிந்துவிடும், சில மாதம் பொறுத்துப் பார்க்கலாம். அம்மாவுக்கு இருப்பதால் உங்களுக்கும் வர வாய்ப்பு கூடுதல், ஆனால் கட்டாயமில்லை.

ஒன்றை மட்டும் இன்று இரவே அம்மாவுக்கும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். கணுக்கால் பக்கம் மெலிந்த தோலுக்கடியில் புடைத்த சிரை சில சமயம் சட்டென்று உடையும், பெரும்பாலும் குளியலறையில். வலியே இருக்காது, ரத்தம் பீச்சி அடிக்கும். பயந்துபோய் நாற்காலியில் உட்காரவைத்து, முழங்காலுக்கு மேலே துண்டால் இறுக்கிக் கட்டுவார்கள். இரண்டும் தவறு. மேலே கட்டினால் சிரை ரத்தம் மேலே போக முடியாமல் இன்னும் அதிகமாகக் கொட்டும். இப்படித் தவறாகச் செய்து உயிர் போனதும் உண்டு. அப்படியே தரையில் படுக்கவைத்து, காலைத் தூக்கிப் பிடித்து, ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் விரல் வைத்துப் பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள். நின்றுவிடும். நின்றபின் துணியோடு கட்டி, காலை உயர்த்தியபடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

செலவு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் இரத்தநாள அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறைகள் உள்ளன. வேறு ஊர் என்றால் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போய், எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்று அங்கிருக்கும் காப்பீட்டு மேசையில் முதலில் கேளுங்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். "ஆழச் சிரைகள் திறந்திருக்கின்றனவா, வால்வு எந்த இடத்தில் கெட்டிருக்கிறது, நின்றபடி பார்த்தீர்களா" என்று மூன்று கேள்வி கேட்டாலே போதும்.

லேசர் முடிந்தபின் அம்மா பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வேலைக்குத் திரும்பலாம். ஆனால் பழையபடி பத்து மணி நேரம் கவுன்ட்டரில் அசையாமல் நிற்கக் கூடாது. கேரளம் 2018-இல் செய்ததைப் பின்பற்றித் தமிழ்நாடும் 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி 22-அ பிரிவைச் சேர்த்தது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும், வேலை நேரத்தில் வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்பது சட்டம். அம்மாவுக்கு அது தெரியாமல் இருக்கலாம், கேட்கத் தயக்கமாகவும் இருக்கலாம். மருத்துவரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு மேலாளரிடம் பேசச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஸ்டூலில் உட்காரட்டும். நிற்க வேண்டியிருக்கும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கட்டும், ஒரு தடவைக்கு இருபது, அரை மணிக்கு ஒருமுறை. சேலையை மடித்துக்கொண்டே செய்யலாம்.